எலும்புப் பாறை

— அந்த ஜாக்கியக் கீழ வை தம்பி. சொன்னாக் கேளு.

— லோடு லாரியவே தூக்குற ஜாக்கி அக்கா. உன் மேல கிடக்கற இந்தப் பாறை என்ன பெரிய கொம்பா?

— தூக்கிடும்தான். ஜாக்கி எது மேல நிக்கும்? இங்க பூரா சேறும் மணலும் அடுக்கடுக்காப் படிஞ்சு இறுகின பாறை. கீழ் அடுக்கு மழையில ஊறிக் கிடக்கு. வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி இறங்கிடும். அப்புறம் மேல இருக்கறது மொத்தமும் என் தலையில.

— அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு வேடிக்க பாக்கச் சொல்றியா?

— உக்காரு. என் கையப் பிடிச்சுக்கோ. அது போதும்.

— ஜில்லுன்னு இருக்கே. கால் ரொம்ப வலிக்குதா?

— வலிச்சாத்தான் தேவலையே. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல.

— பாத்துக்கலாம். மீட்புக்காரங்க கிளம்பிட்டாங்க. பாலத்து மேல தண்ணி போகுதாம், சுத்திக்கிட்டு வர்றாங்க. பாத்துக்கலாம் அக்கா.

— மழை விடட்டும், அப்புறம் தோண்டலாம்னு மியூசியத்துல சொன்னாங்கடா. எனக்குத்தான் பொறுக்கல. பாறையில டைனோசரோட இடுப்பெலும்பு பாதி வெளிய வந்து நின்னுச்சு. இன்னொரு மழைக்குக் கரைஞ்சு ஆத்தோட போயிருக்கும்.

— போனாப் போகட்டுமே. செத்து எத்தனையோ கோடி வருஷம் ஆன டைனோசர்.

— அவ்வளவு காலம் தாங்கினது, என் கண்ணு முன்னாடி போகணுமா? முழு உடம்புடா. காலை மடிச்சுப் படுத்த மேனிக்கு இருக்கு. இது எப்படிச் செத்துச்சு தெரியுமா? கரை சரிஞ்சு...

— அக்கா, வாய மூடு.

— சரி, மூடிட்டேன்.

— இல்ல, பேசு. ஏதாவது பேசிக்கிட்டே இரு.

— போன் அடிக்குதே, யாரு?

— உன் பொண்ணு. மறுபடி மறுபடி கூப்பிடறா.

— எடுக்காதே. என் குரலக் கேட்ட உடனே கண்டுபிடிச்சிடுவா.

— நான் வேணா பேசவா?

— உன் குரல் அதைவிட மோசம். மூக்க உறிஞ்சிக்கிட்டு, கழுத.

— காலையில லாரி எடுக்க மாட்டேன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

— நடந்தே வந்திருப்பேன். என்னைத் தெரியாதா உனக்கு?

— தெரியும். நல்லாத் தெரியும்... அக்கா, இரு. சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. கனத்த வண்டி மேடு ஏறுற சத்தம் எனக்குத் தெரியாதா? நான் சொன்னேன்ல, பாத்துக்கலாம்னு.

— எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?

— நமக்கு மேல இருந்து.

— மேல ரோடே இல்ல தம்பி. கைய விட்டுட்டு ஓடு.