ஞாயிற்றுக்கிழமை ஈரல்

— ஈரல்னு போடணும் அண்ணி. வெறுமனே மாட்டுக்கறின்னு எழுதினா ஊக்கமருந்து விசாரணைக் குழு நம்பாது. மருந்து ஈரல்லதான் தங்கும்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

— முதல்ல மேஜையிலேர்ந்து கைய எடு. கோழிக்குப் போடற பூச்சி மருந்து சிந்தியிருக்கு. எங்க, எழுதிட்டு வந்தத வாசி.

— "ஒப்துலியா ஆகிய நான், டொலூகாவில் கால்நடை மருந்துக்கடை நடத்துபவள். என் கணவரின் தம்பியும், தேசத்தின் வேகநடைப் போட்டி நட்சத்திரமுமான எவரிஸ்தோ..."

— நட்சத்திரமா?

— வக்கீல் போட்டது.

— வக்கீல் போட்டாராம். சரி, வாசி நட்சத்திரமே.

— "மே பத்து, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தின விருந்தில், அவருக்கு வெங்காயம் வதக்கிய கன்று ஈரலைப் பரிமாறினேன். அதில் மருந்து கலந்திருந்ததை அவர் அறிய வாய்ப்பில்லை. அறியாமல் நடந்த பிழைக்காக ஒரு தூய வீரனைத் தண்டிப்பது..."

— போதும், குமட்டுது. பரிமாறினேனாம். மூணு தட்டு வழிச்சுத் தின்னது நீ. மாட்டுக்கறியில மருந்து இருக்கும், தொடாதீங்கன்னு உங்க வீரர்கள் சங்கத்துலேர்ந்து கடுதாசி வந்துச்சேன்னு அன்னிக்கே கேட்டேன். அதெல்லாம் சின்னப் பசங்களுக்குன்னு சொன்ன.

— சொந்த அண்ணி சமையலையா சந்தேகப்படறது?

— அண்ணி ஊசியையும்தான் சந்தேகப்படல. மாசம் ரெண்டு தடவ வந்து, "வைட்டமின் இருக்கா அண்ணி"ன்னு கேப்ப. அது என்ன மருந்துன்னு ஒரு நாளாவது கேட்டியா? குத்தற வரைக்கும் சுவத்துல இருக்கற பன்னி காலண்டரையே பாத்துக்கிட்டு நிப்ப.

— கேட்டாத்தான் தெரியும். தெரிஞ்சாத்தான் குத்தம். மனசாட்சிப்படி சொல்றேன், நான் எதையுமே தெரிஞ்சுக்கல.

— அடேங்கப்பா. பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஆள் உயரத்துக்கு உன் படத்த வரைஞ்சு, கீழ "சுத்தமான காலடி"ன்னு எழுதி வச்சிருக்காங்க. போன மாசம் அந்தப் படத்துக்கு முன்னாடியே நின்னு, உடம்புங்கறது மாதா கோயில்னு முக்கால் மணி நேரம் பேசினியாமே.

— டீச்சர் ரெண்டு பேர் அழுதாங்க.

— அழுதிருப்பாங்க. சாப்பாட்டு நேரமாச்சே.

— அண்ணி, வியாழக்கிழமை விசாரணை. நாலு வருஷம் தடை விழுந்தா எனக்கு முப்பத்தஞ்சு ஆயிடும். அப்புறம் நான் வேகமா நடந்தா பஸ்ஸப் புடிக்கத்தான். ஒரு கையெழுத்து. இல்லேன்னா ஊசி யார் கடையில போட்டதுன்னு நானும் வாயத் தொறக்க வேண்டியிருக்கும்.

— மிரட்டாத கொழுந்தனாரே. போடறேன்னுதானே பேனாவக் கையில வச்சிருக்கேன். பொய்தானே, போட்டுட்டுப் போறேன். ஈரல் மேல பழி போட்டா ஈரல் வந்து சண்டை போடப் போகுதா? அந்த ஆய்வுக்கூடத் தாளக் குடு, தேதி ஒத்து வருதான்னு பாப்போம்.

— இந்தாங்க. நான் இன்னும் முழுசாப் படிக்கல.

— நீ எதத்தான் படிச்ச. விருந்து பத்தாம் தேதி. உன் மூத்திரம் எடுத்தது பன்னெண்டு. ஒத்து வருது. என்னது, கிளென்பூட்டெராலா? எவரிஸ்தோ, இதுல கிளென்பூட்டெரால்னு போட்டிருக்கு, சதை ஏத்தற மருந்து.

— நீங்க போட்ட ஊசிதானே அது?

— நான் போட்டது கொதிக்க வச்ச தண்ணி.

— என்னது?

— தண்ணி. ஒரு சிட்டிகை உப்பு. ரெண்டு வருஷமா அதான். மாட்டிக்கிட்டேன்னு நீ வந்து நின்னப்ப, எங்கிட்ட வாங்கினது பத்தாம வேற எவன்கிட்டயோ நீ வாங்கியிருப்பன்னுதான் நெனச்சேன்.

— வெளையாடாதீங்க. ஊசி போட்ட மறுநாள் தொடை ரெண்டும் இரும்பு மாதிரி இருக்கும்.

— பயத்துல இறுகியிருக்கும்.

— நம்பி வந்தவன ஏமாத்தியிருக்கீங்க அண்ணி. இது பச்சை மோசடி.

— போலீஸ்ல எழுதிக் குடு. திருடப் போன எடத்துல கள்ளச்சாவி வேலை செய்யலன்னு எழுதிக் குடு. உங்கண்ணன் இதே ஊசியக் கேட்டப்ப அசல் சரக்குத்தான் குடுத்தேன். இப்ப கிட்னி போயி, வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் அவர் ரத்தத்தக் கழுவுது. அதே வேலைய இன்னொரு தடவ என் கையால செய்யணுமா?

— அப்ப போன வருஷம் குவாதலஹாரா போட்டியில நான் முதல்ல வந்தது?

— நீதான் நடந்து வந்த. வேற யாரு?

— இருங்க. நான் வேற எங்கயும் எதுவும் வாங்கல. மனசாட்சிப்படி இல்ல அண்ணி, நெஜமாவே வாங்கல. அப்ப இது எப்படி எனக்குள்ள வந்துச்சு? அந்த ஈரல எங்க வாங்கினீங்க?

— சிப்ரியானோ பண்ணையில.

— ரெண்டே மாசத்துல கன்னுக்குட்டியக் காளையாட்டம் புடைக்க வைப்பானே, அவனா? என்ன போடறான் அதுக்கு?

— இந்தத் தாள்ல இருக்கறதத்தான்.

— அவனுக்கு யாரு விக்கறா?

— மெதுவாப் பேசு. வாசல்ல ஆளு நிக்குது.

— அண்ணி.

— பின்னாடி ரூம்ல, மூணாவது தட்டுல இருக்கு. விக்கக் கூடாத பொடி. மேல தீவனம்னு சீட்டு ஒட்டி நான்தான் குடுக்கறேன்.

— அது தெரிஞ்சுமா அவன் கன்னோட ஈரல வீட்டுல சமைச்சீங்க?

— எந்தக் கன்னுன்னு நான் கேக்கல. கேட்டாத்தானே தெரியும்.

— அப்ப நான் எழுதிட்டு வந்தது ஒரு வரி விடாம உண்மை. நெஜமாவே நான் தூய வீரன்தான்.

— தூய முட்டாள். ஆனா உண்மைதான், அதுதான் இப்ப வம்பு. இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஒரு அதிகாரி வந்து ஈரல் யாருதுன்னு கேப்பான். மறுநாளே பொடி யாருதுன்னு கேப்பான். கடையப் பூட்டி சீல் வச்சிட்டா உங்கண்ணன் வைத்தியத்துக்கு நான் எங்க போறது?

— இவ்வளவு நேரம் பேனாவத் தூக்கிட்டு நின்னீங்களே.

— அப்ப அது பொய்யா இருந்துச்சு.

— இப்பவும் பொய்னே நெனச்சுக்கிட்டுப் போடுங்க, அண்ணி.