பெரிய வெள்ளியன்று பெட்டி மூட

வில்லியனூர் கோயிலில், பெரிய வெள்ளியன்று, சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றிருந்தேன். மணி அடிக்காத நாள். மணிக்குப் பதிலாகக் கட்டை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற தச்சர் சொன்னார்:

“இன்னிக்கி மட்டும் ஆணி அடிக்கச் சொல்லாத மச்சான்.”

அவரைத் தேடி வந்தவர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

“எங்கம்மா செத்து வூட்ல கெடக்குது. பெட்டிய மூடாம எப்பிடி எடுக்கறது?”

“நாளைக்கி மணி அடிச்சதும் வந்துடறேன்.”

“இந்த வெயில்ல தாங்குமா?”

“சாமிய ஆணியில அடிச்ச நாளுப்பா. எங்கப்பாவே இன்னிக்கி சுத்தியலத் தொடமாட்டாரு.”

“சாமிய அடக்கம் பண்ணதும் இன்னிக்கிதான? பொழுது சாயறதுக்குள்ளன்னு எப்பிடி ஓடினாங்க! யாராச்சும் நாளைக்கின்னு சொன்னாங்களா?”

தச்சரின் முறை வந்தது. பிரெஞ்சுக்காரச் சாமியார் சிலுவையைத் துடைத்து நீட்டினார். தச்சர் குனிந்து, பாதத்தில் அறைந்திருந்த ஆணியின்மேல் வெகுநேரம் உதட்டை வைத்திருந்தார்.

பிறகு நிமிர்ந்து, துண்டை உதறினார்.

“மூங்கில் இருக்குதா வூட்ல? இரும்பு வேணாம், அதுலயே ஆணி செதுக்கிக்கலாம். சீக்கிரம் நட, பொழுது சாயுது.”