சம்பந்தியம்மா கேட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு

கூடாரத்துக்குள்ளே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே! இடம் கிடைக்காமல் வெளியே வெயிலில் நின்றாலும் சாப்பிடாமல் போக மாட்டோம் என்று உறுதி பூண்ட உத்தமர்களே! இந்த மணவிழா மேடைக்குத் தலைமை தாங்கி, பேச வருகிறவர்களை அளப்பதற்காகவே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! கையில் கோலும் தலையில் தொப்பியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் கப்மெலெல் ஊரின் முதுபெரும் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து மூன்று ஊருக்குச் சமைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! பெண்ணைக் கொடுத்து எங்களைப் பெருமைப்படுத்திய சம்பந்தி வீட்டாரே! உங்கள் அனைவருக்கும் மணமகன் எனொக்கின் தகப்பன், எலைஜா அரப் மோசோனிக், தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்: சம்கே!

பதில் சம்கே பாதிப் பேரிடமிருந்துதான் வந்தது. மீதிப் பேர் வாயில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறது. மெல்லுங்கள், மெல்லுங்கள். மென்று விழுங்க முடிகிற மனிதனைப் பார்த்தாலே எனக்கு இப்போது மகிழ்ச்சி பொங்குகிறது. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

போன ஏப்ரலில் நடக்க வேண்டிய கல்யாணம் இந்த டிசம்பருக்கு ஏன் தள்ளிப்போனது? மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பெண் இருக்கிறாள் என்றார்கள். பெண்ணுக்குப் பரிசமாகப் பெண் வீட்டார் கேட்ட பசுக்களைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றார்கள். அரப் ரோனோ, நீதானே இதைத் தேயிலைக் கொழுந்துக் கொட்டகையில் கடை விரித்தாய்? குனியாதே, உன்னை நான் பார்த்துவிட்டேன். கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் மாப்பிள்ளையும் அல்ல, மாடும் அல்ல. காரணம் என் தொண்டை! இதோ, உங்கள் முன்னே முழங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பாழாய்ப்போன தொண்டை!

தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட லாரிக்காகக் காத்திருக்கும் அந்தக் கொட்டகையில் நாம் என்ன செய்வோம், ஆண்களே? அடுப்பில் பால் தேநீர் கொதிக்கும். கொதி அடங்குமுன் குவளையில் விழும். குவளையில் விழுந்த நொடியே குடலுக்குள் போக வேண்டும். ஊதிக் குடிப்பவன் யார்? கைக்குழந்தை! ஆறவைப்பவன் யார்? பெண்டாட்டிக்குப் பயந்தவன்! நம்மில் யார் இந்தக் கேலியைச் செய்யவில்லை? நம்மில் யார் இந்தக் கேலிக்கு அஞ்சி நாக்கைச் சுட்டுக்கொள்ளவில்லை? அந்தக் கொட்டகையின் அசைக்க முடியாத வீரன் நான். இருபத்தாறு ஆண்டுகள்! இரும்புத் தொண்டை என்று எனக்குப் பட்டம். பட்டம் கொடுத்த நீங்கள் கைதட்டினீர்கள். பட்டம் வாங்கியவன் வெந்துபோனான்.

முதலில் இறைச்சி இறங்க மறுத்தது. பல்லைக் குறை சொன்னேன். பிறகு சோளக்களி நெஞ்சில் நின்றது. என் மனைவி தப்சுபெயின் கையைக் குறை சொன்னேன். களியைச் சின்னஞ்சிறு உருண்டையாக்கி, புளித்த பாலில் நனைத்து, வானத்தைப் பார்த்து விழுங்கினேன். இறங்காததை மேசைக்கு அடியில் நாய்க்குப் போட்டேன். நாய் கொழுத்தது, நான் இளைத்தேன். அவள் கேட்டாள்.

"ஏங்க, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்களே, என்ன விஷயம்?"

"தோட்டத்துல வேலை ஜாஸ்தி."

"வேலை உங்களுக்கா நாய்க்கா? அது மட்டும் எப்படி இப்படி உருண்டுக்கிட்டு இருக்கு?"

பதில் சொன்னேனா? கத்தினேன். உண்மை தெரிந்தவன் மெதுவாகப் பேசுவான், பயந்தவன்தான் கத்துவான். ஆம், பயந்தேன்! இந்த மலைப்பக்கத்தில் தொண்டை அடைத்துப் போனவர்களின் சவப்பெட்டிகளை நானே தோளில் சுமந்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு லேசாக இருந்தது என்று என் தோளுக்குத் தெரியும். அதனால்தான் டாக்டரிடம் போகவில்லை. கேட்காவிட்டால் அந்த நோய் எனக்கு இல்லை என்று நினைத்தேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா? சொல்லுங்கள், உண்டா? "இல்ல" என்று ஏக குரலில் சொல்கிறீர்களே, கொஞ்சம் தயங்கியாவது சொல்லக் கூடாதா!

இந்த நிலையில்தான் எனொக்குக்குப் பெண் பேசப் போனோம். மணப்பெண் மெர்சிக்குத் தகப்பன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா அரப் தோனுய் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் நாங்கள் உட்கார்ந்தோம். பெண்கள் சமையலறைப் பக்கம். பசுப் பேச்சு தொடங்குமுன் ஃபிளாஸ்க் திறந்தது. ஆவி பறக்க அந்தத் தேநீர் என் முன்னே வந்து நின்றது. சம்பந்தம் பேசப்போன இடத்தில் கொடுத்த தேநீரைத் தொடாமல் விட்டால் என்ன அர்த்தம்? உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம்! எல்லோரும் குடித்தார்கள். ஆறிய பால் எப்படியோ இறங்கும், சூடு பட்டால் தொண்டை பற்றி எரியும்; நான் குவளையைப் பார்த்தேன். அரப் தோனுய் என்னைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டு டீ உங்க வாய்க்குப் பிடிக்காதோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல. இன்னைக்கு விரதம்."

"விரதமா! வந்ததும் ரெண்டு குவளை புளிச்ச பாலை மடக்கு மடக்குன்னு குடிச்சீங்களே. உங்க சபையில விரதத்துக்குப் பால் மட்டும் செல்லுமோ?"

கூடம் சிரித்தது. என் மகன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையை என்னால் தாங்க முடியவில்லை. எடுத்தேன் குவளையை! ஒரே மூச்சில் ஊற்றினேன் உள்ளே! உள்ளே போனதா? போகவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்து, என் ஒரே நல்ல கோட்டின்மேலும், பக்கத்தில் இருந்த பெரியவர் முழங்கால்மேலும் கொட்டியது.

அப்போது ஒரு காரியம் நடந்தது. ஆண்கள் கூடத்தில் பெண்கள் நுழையாத அந்த நேரத்தில், கையில் கரண்டியோடு உள்ளே வந்தார் மெர்சியின் தாயார், இதோ இரண்டாம் வரிசையில் நீலத் துணி தலையில் கட்டி அமர்ந்திருக்கும் தப்ராந்திச் அம்மையார். நேராக என் முன்னே வந்து நின்றார்.

"எத்தனை மாசமா?"

"என்னது எத்தனை மாசமா?"

"களி இறங்காம எத்தனை மாசம் ஆச்சு?"

"ரெண்டு வாரமா லேசா..."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எட்டு மாசம்!"

தப்ராந்திச் அம்மையார் கரண்டியை மேசைமேல் வைத்தார். "இன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது. இவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். குழாய் விட்டுப் பார்த்ததுக்குச் சீட்டு கொண்டுவரட்டும். சீட்டு வந்தாத்தான் மாட்டுப் பேச்சு, கல்யாணப் பேச்சு எல்லாம்."

அரப் தோனுய் எகிறினார். "அண்ணி, இது ஆம்பளைங்க பேசுற இடம்!"

"பேசுங்களேன். அந்த மனுஷனால எச்சில்கூட முழுங்க முடியல, அவரு எங்க பேசறது? என் பொண்ணு ஒரு அப்பாவைப் புதைச்சது போதும். கல்யாணத்தோட கிடைக்கிற அப்பாவையும் புதைக்கணுமா?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மையாரைத் திட்டினேன். மன்னிக்க வேண்டும் சம்பந்தியம்மா, இந்த மேடையில் சொல்ல முடியாத வார்த்தைகளால் திட்டினேன். என் மகன் வண்டியை நிறுத்தினான். "அப்பா, எனக்கு மெர்சி வேணும். நீங்களும் வேணும். ரெண்டுல ஒண்ணை எடுக்கச் சொல்லாதீங்க. நாளைக்கே போறோம்" என்றான். போனோம்.

போமெட் ஆஸ்பத்திரியில் என் தொண்டைக்குள் குழாயை விட்டவர் டாக்டர் செலிமோ. என் மகள் வயதுதான் இருக்கும். வெளியே எடுத்ததும் கேட்டேன், "அதுதானா?" அவர் சொன்னார்: "உணவுக்குழாய் சுருங்கியிருக்கு. கொஞ்சம் சதை எடுத்து அனுப்பியிருக்கேன். பத்து நாள் ஆகும்." பத்து நாள்! அந்தப் பத்து நாளில் என்னென்ன செய்தேன்? வேலியைச் சரிசெய்தேன். எந்தப் பசு எப்போது ஈனும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்சுபெய் ஆக்கிய களியைப் பாராட்டினேன். அதைக் கேட்டதும்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.

பதினோராம் நாள். டாக்டர் செலிமோ சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புற்று இல்லங்க ஐயா" என்றார். அவ்வளவுதான்! அந்த நாற்காலியில் ஐம்பத்தெட்டு வயது ஆண்மகன் ஒருவன், கொழுந்துக் கொட்டகையின் மாவீரன், குலுங்கிக் குலுங்கி அழுதான் பெரியோர்களே! வெட்கமில்லை, சொல்கிறேன். என்னைத் தூக்கிவிட வந்த என் மகனும் அழுதான். இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள நர்ஸ் ஒருத்தியை அழைக்க வேண்டியிருந்தது!

கொதிக்கும் சூடும், வயிற்றிலிருந்து மேலேறும் புளிப்பும் சேர்ந்து தொண்டைக்குழாயைப் புண்ணாக்கியிருந்தன. புண் ஆறி, மீண்டும் புண்ணாகி, ஆறி, வழி சுருங்கிவிட்டது. அதைச் சில மாதங்களாகப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஆண்டுக்கொருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். போகிறேன். வாயைத் திறந்துகொண்டே போகிறேன்!

டாக்டர் என்னைச் சும்மா விட்டாரா? ஒவ்வொன்றாகக் கேட்டார். புகையிலைப் பொடி உண்டா? உண்டு. சாராயம்? நல்லது கெட்டதுக்கு உண்டு. நம் ஊரில் வாரத்துக்கு எத்தனை நல்லது கெட்டது நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். புகை போக வழியில்லாத அடுப்பங்கரையா? ஆம். பூஞ்சை பிடித்த சோளத்தைத் துடைத்து அரைப்பீர்களா? ஆம். கீரை, பழம்? அது மாட்டுக்கு! "இதெல்லாம் இருந்தா புற்று கண்டிப்பா வரும்னு நான் சொல்லல. இல்லாட்டி வரவே வராதுன்னும் சொல்லல. இது ஒவ்வொண்ணும் ஆபத்தைக் கூட்டலாம். குறைக்க முடிஞ்சதைக் குறைங்க" என்றார் அந்தப் பெண்.

நான் கேட்டேன், "டாக்டரம்மா, அப்ப டீ குடிக்கவே கூடாதா?" அவர் சிரித்தார். "தாராளமா குடிங்க. ஆறவிட்டுக் குடிங்க." அட! இதற்குத்தானா இத்தனை பாடு? தேயிலையை விட வேண்டாம், தோட்டத்தை விட வேண்டாம், விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையை விட வேண்டாம். கொஞ்ச நேரம் குவளையைக் கீழே வைத்தால் போதும்! கை தாங்காத சூட்டைத் தொண்டை ஏன் தாங்க வேண்டும்? தொண்டை என்ன பாவம் செய்தது?

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். வெற்றி வீரனாகப் போனேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் அன்று சொன்னதை இங்கே சொல்லட்டுமா என்று நேற்று அனுமதி கேட்டேன். "சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது இதுதான்: "என் வீட்டுக்காரரும் டீயை இப்படித்தான் வெச்சுட்டுப் போவாரு. சோத்தை அப்படியே விடுவாரு. என் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். வேற எங்கேயோ போய்ச் சாப்பிடறாருன்னு நெனச்சேன். ஒரு வருஷம் அவரோட முகம் கொடுத்துப் பேசல. ஆறிப்போச்சுன்னுதான் குடிக்கலையோன்னு இன்னும் சூடா கொண்டுபோய் வெச்சேன். கடைசியில தூக்கிட்டுப் போனப்ப ரொம்ப லேட்டாயிடுச்சு. வலிக்குதான்னு ஒரு வார்த்தை நான் கேக்கவே இல்ல. அன்னைக்கு உங்க கோட்டுல டீ கொட்டினப்ப, எனக்கு அவரு முகம்தான் தெரிஞ்சுது."

சம்பந்தியம்மா, எழுந்து நில்லுங்கள். எழுந்து நில்லுங்கள் அம்மா. கப்மெலெல் மக்களே, இந்தப் பெண்மணியைப் பாருங்கள்! தவறு உங்களுடையதல்ல அம்மா. உங்களிடம் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லாத அந்த நல்ல மனிதரும், என் மனைவியிடம் சொல்லாத நானும், இங்கே தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்த தவறு அது. ஊதிக் குடித்தால் ஆண்மை போகும் என்று நம்பிய வாய்கள், வலியைச் சொன்னாலும் ஆண்மை போகும் என்று நம்பின. அவர் உங்களிடம் சொல்லியிருந்தால், நீங்கள் அவரை முதுகில் தூக்கிக்கொண்டாவது போமெட்டுக்கு ஓடியிருப்பீர்கள். எனக்கு, யாரோ ஒரு அந்நியனுக்கு, ஆண்கள் கூடத்தில் நுழைந்து அதைச் செய்தவர் அல்லவா நீங்கள்!

ஆகவே தாய்மார்களே, தகப்பன்மாரே! உங்கள் வீட்டில் ஒருவர் தட்டை ஒதுக்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இறங்கவில்லையா என்று கேளுங்கள். பொய் சொன்னால் கதவுக்குப் பின்னாலிருந்து உண்மையைக் கத்துங்கள். கேட்கப்படுகிற ஆண்களே, வாயைத் திறந்து சொல்லுங்கள். நோய் இருக்குமோ என்று பயந்துகொண்டே டாக்டரிடம் போங்கள், அழுதுகொண்டே போங்கள், ஆனால் போங்கள்! எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும், அன்றைக்குச் சொன்னது அடுத்த வருஷம் சொல்வதைவிட நல்லதாக இருந்திருக்கும்.

போதகர் ஐயா கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். என் பொய்யை உடைத்த தப்சுபெய்க்கு நன்றி. வண்டியை நிறுத்திய எனொக்குக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் நன்றி. மணமக்கள் மாடும் கன்றும் பிள்ளைகளுமாகப் பல்லாண்டு வாழட்டும். மெர்சி, என் மகளே, உன் தந்தை நிற்க வேண்டிய இடத்தில் இன்று நின்று உன்னை வாழ்த்த எனக்கு உயிர் இருக்கிறது. அந்த உயிரைக் கேட்டு வாங்கியவர் உன் தாய். அவருக்கு என் வணக்கம்; உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.