குருவாயி இறங்கிய சுனை

என் மனைவியின் அண்ணன் சன்னாசியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கொடுவாய்ப்பாறைக் கோட்டையில். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறதே, அதன் மாடியில். கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கிறது நாறுமா, ஐயா?" என்று காவலாளி சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் போய்விட்டார். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்ல நான்தான் மிச்சம். கேளுங்கள்.

இந்தப் பக்கம் பீரங்கி வராத காலம். கோட்டையில் ஒரு தலைவன் இருந்தானாம். உப்புத் தண்ணீர் அவன் தொண்டையில் இறங்காதாம். மற்றவர்களுக்கெல்லாம் உப்புக் கிணறு. அவனுக்கு மட்டும் பாறைப் பிளவுக்குள் நல்ல தண்ணீர்ச் சுனை. அந்தச் சுனையை வெட்டியது என் மனைவியின் முன்னோர். வெட்டி முடித்த அன்றே அவர்களை வெளியே அனுப்பிவிட்டானாம்.

பகைவர் படை வருகிறது என்று சேதி வந்தது. ஊரெல்லாம் கோட்டைக்குள் போனது. கிணறு வெட்டுகிற நாற்பது பேருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. "இடமில்லை" என்றார்களாம். எருமைகளுக்கு இடமிருந்தது. அந்த எருமைகளில் ஒன்று சுனைக்குள் விழுந்து செத்து, நாலு நாளில் ஊதி வெடித்தது. அரண்மனை முழுக்க நாற்றம். இறங்கி எடுக்க எவனும் முன்வரவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஓர் ஆளுக்கு மட்டும். அவள் பேர் குருவாயி.

"எடுத்துப் போட்டுட்டா எங்க ஆளுகளை உள்ள விடுவீங்களா, சாமி?"

"விடுவோம், விடுவோம். முதல்ல எடு" என்றானாம் தலைவன், மூக்கில் துணியோடு.

வாய் நிறைய வேப்பிலையை அடக்கிக்கொண்டு கயிற்றில் இறங்கினாள். கை வைத்த இடத்தில் தோல் கழன்று வந்ததாம். குடலைச் சுருட்டிக் கூடையில் வைத்தாள். புழு முழங்கை வரை ஏறியதாம். வாந்தி எடுத்தாள், அதையும் அள்ளினாள். இறங்கினாள், ஏறினாள். இறங்கினாள், ஏறினாள். இரண்டு நாள். பிறகு கெட்ட நீரையெல்லாம் இறைத்துக் கொட்டினாள். மூன்றாம் நாள் ஊற்று தெளிந்தது. தலைவன் ஒரு செம்பு குடித்து ஏப்பம் விட்டானாம்.

"கதவு, சாமி?"

"உன் மேல அடிக்கிற நாத்தம் குடலைப் புரட்டுது. வெளிய போய் உன் ஆளுகளோட இரு. பாக்கலாம்."

தூரத்தில் படையின் புழுதி தெரிந்தது. குருவாயி வேப்பிலையைத் துப்பினாளாம்.

"போறேன் சாமி. தலை மட்டும் இன்னும் அடிச் சேத்துல கெடக்கு. வேற யாரையாவது விட்டு எடுத்துக்குங்க."

செம்பு கீழே விழுந்தது. குடித்ததெல்லாம் அவன் பட்டு வேட்டியிலேயே வந்ததாம். "திற! கதவைத் திறடா!" என்று கத்தினானாம். நாற்பது பேரும் உள்ளே வந்தார்கள். அதன் பிறகுதான் அவள் மறுபடி இறங்கினாள். ஈரத்துணி மூடிய கூடையோடு ஏறி வந்து, கூடையோடு மதிலுக்கு வெளியே வீசினாளாம். துணியை விலக்கிப் பார்க்க ஒருவனும் கிட்டே வரவில்லை.

அன்று தன் ஆட்களிடம் ஒன்று சொன்னாளாம்: "நமக்கு உப்புக் கிணறுதான். நல்ல தண்ணியைத் தொடாதீங்க."

அதனால்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்கு முதலில் ஒரு கை உப்புத் தண்ணீர் கொடுக்கிறார்கள். என் மனைவியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். குருவாயி ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்டால், "ரோஷக்காரி மாப்ளே, அவன் தண்ணி வேண்டாம்னுட்டா" என்பார் மச்சான். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முற்றுகை இரண்டு மாதம். தலைவன் வயிற்றுப்போக்கில் போனான் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. நெஞ்சில் வேல் தாங்கி விழுந்தான் என்று அருங்காட்சியகப் பலகை சொல்கிறது. அவனுடைய நசுங்கிய செம்பைப் பட்டுத்துணி மேல் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

மச்சான் சாவதற்கு முந்தின கோடையில் சுனையைத் தூர்வாரினார்கள். அடியில் கிடைத்ததை மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓர் எருமையின் மண்டையோடு. இரண்டு கொம்பும் அப்படியே இருக்கின்றன.