படியேறாமல் நின்ற பதினான்கு ஆண்டுகள்

கல்வராயன் மலைமுகட்டில் நின்றே கடலைக் கண்முன் கொணர்ந்த கல்விச் செம்மலே! வரைபடத்து நீலத்தை வற்றாத கனவாக்கிய வித்தகரே! சின்னசேலம் ஈன்ற சீரியரே! முப்பத்தோராண்டு எம்மோடு உண்டு, உழைத்து, உறுமி, உருகிய சமூக அறிவியல் ஆசான் உயர்திரு பிலவேந்திரன் அவர்களே! வணக்கம்.

பிரியாவிடை மடல் என்றால் 'தாங்கள்' என்று முகம்பார்த்துப் பாடுவதே முறை. ஆனால் முகம்பார்த்து இதைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் நெஞ்சுரம் இல்லை. ஆகவே 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். பொறுத்தருள்க.

கீழே கடலோரத்தில் உள்ள பழைய துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தின் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டுமே! கோட்டை மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்த காலம், செங்கல் கோபுரம் எழுந்து மண்ணெண்ணெய் எரிந்த காலம், சாவி கொடுத்துக் கண்ணாடியைச் சுழற்றிய காலம், கடைசியில் மின்விளக்கு வந்த காலம் என்று அடுக்கிக்கொண்டே போவார். துறைமுகம் தூர்ந்து கப்பல்கள் வேறு துறை தேடிப் போனதையும் சொல்வார். "கப்பலே வராத ஊருக்கு இன்னாத்துக்கு சார் லைட்டு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கட்டுமரத்துல போறவனும் மனுசன்தான்டா" என்பார்.

ஆண்டுதோறும் தை மாதம், எங்கள் மலை உறைவிடப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவார். இப்போதும் மூன்று மணிக்குத்தான் கதவு திறக்கிறார்கள். செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டுச் சுழற்படி ஏறவேண்டும். உச்சியில் இரும்பு ஏணி ஒன்று, அதையும் தாண்டினால் ஆளையே தள்ளும் காற்று. பிள்ளைகள் ஓடி ஏறுவார்கள், நாங்கள் மூச்சிரைக்க ஏறுவோம். அவர் மட்டும் செருப்புக் குவியலுக்குக் காவல் நிற்பார். கேட்டால் முட்டி வலி என்பார். உயரத்தைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

போன தை மாதம் தமிழாசிரியை செந்தமிழ்ச்செல்வி விடாப்பிடியாகக் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், அவர் பிள்ளைகளை அங்கே முதன்முதலாக அழைத்துப்போன பயணத்தில் நடந்தது அது. விடுதிக்குப் பெற்றோர் வந்து பார்ப்பது ஞாயிறன்று. அன்றே அவர்களிடம் கையெழுத்து வாங்கி, திங்கள் விடியலில் வண்டியேற்றிவிட்டார். போய் நின்றால் கதவில் பூட்டு! "திங்கக்கெழம லீவு சார். போர்டு இன்னா சும்மாவா மாட்டிக்கிது?" என்றார் காவலாளி. இவர் கெஞ்சினார், கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் கடலைப் பார்த்து ஓடிவிட்டார்கள். தனுஷா என்ற சிறுமி மட்டும் கதவுக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அடுத்த வாரம் அவள் அப்பா வேடியப்பன் வந்து, படிப்பை நிறுத்தி, கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அந்தப் புள்ளைக்குக் காட்டாதத நான் மட்டும் ஏறிப் பாக்கறதா?" என்றார் எங்களிடம். அடடா, இத்தனை ஆண்டும் இதையா சுமந்தீர்கள் என்று நெஞ்சு வெதும்பினோம்.

அவர் ஓய்வு பெறுமுன் அந்தப் பாரத்தை இறக்கிவிட நினைத்தோம். இரண்டு மாதம் விசாரித்து தனுஷாவின் எண்ணைப் பிடித்தோம். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது, அதே தோட்ட வேலை. போன வெள்ளியன்று ஆசிரியர் அறையில், எல்லோரும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தோம். அன்று விளக்கைக் காட்டாததற்கு அவர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார்.

"லைட் அவுசா? அதெல்லாம் நெனப்பே இல்ல சார்" என்றாள். தொலைந்தது பாரம் என்று நாங்கள் சிரித்தேவிட்டோம், பாவிகள்!

அவள் நிறுத்தவில்லை. "கதவாண்ட நின்னுக்கினு இருந்ததே உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் சார். அப்பா படிப்ப நிறுத்தப் போறாரு, வந்து பேசுங்கன்னு. திரும்பி வர்றப்போ பஸ்ஸுல உங்க பக்கத்துல வந்து மூணு வாட்டி சொன்னேன். நீங்க கதவு பூட்டிக் கெடந்ததையே நெனச்சிக்கினு ஜன்னலப் பாத்துக்கினு வந்தீங்க."

"எனக்குக் கேக்கலம்மா" என்றார்.

"கோவமெல்லாம் இல்ல சார். நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவரது புகழை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தோம். மறுநாள் வந்து, "அதெல்லாம் அடிச்சிடுங்க. தனுஷா சொன்னத அப்படியே எழுதுங்க. இல்லன்னா மாலையும் வாணாம், மடலும் வாணாம்" என்றார். எழுதிவிட்டோம் ஐயா. ஆனாலும் நூற்றுக்கணக்கான மலைப்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புவரை கரையேற்றியவர் என்பதை அவருக்குத் தெரியாமல் இந்த இடத்தில் நுழைத்திருக்கிறோம். வசவை அப்புறம் வாங்கிக்கொள்கிறோம்.

சட்டமிட்ட இம்மடலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டாராம். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகளுக்கு எதிரே மாட்டவேண்டும் என்று நேற்றே தம் கையால் ஆணி அடித்துவிட்டார். நாளைக் காலை கேரளத்துக்குப் புறப்படுகிறார். தனுஷாவின் வீட்டில் உட்கார்ந்து, அவள் சொல்வதையெல்லாம் கேட்கப் போகிறாராம்.

அன்பரே, உடல் உரமும் உள்ள அமைதியும் உற்று, பல்லாண்டு நீடு வாழ்க! பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றால், கையிலுள்ள வேலையைக் கீழே போட்டுவிட்டு நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

இங்ஙனம்,
மலை உறைவிடப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்