மொட்டைமாடித் தொட்டியில் இருந்தவர்கள்

காரைக்காலில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கரித்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நல்ல சனங்கள். எனக்கு யார்மீதும் வன்மம் கிடையாது சார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செம்பியன். டுடோரியலில் விலங்கியல் நடத்துகிறவன். தங்கப்பன் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்; கீழே அவரும் ராசாத்தி அக்காவும். என் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு மாண்டரின் மீன். நீலமும் ஆரஞ்சுமாகக் கோலம் போட்ட உடம்பு. கடையில் விற்கும் தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. உயிரோடு நீந்தும் கோப்பிபாட்தான் வேண்டும். கோப்பிபாட் என்பது இறாலுக்கும் நண்டுக்கும் ஒன்றுவிட்ட உறவு, ஆனால் ஒரு ரவையில் பாதிகூட இருக்காது. அதைப் பூச்சி என்று சொல்கிறவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

அரசலாறு கடலில் விழும் இடத்தில் துணிவலை போட்டுப் பிடித்து வந்தேன். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் பிறந்தவை, அரைகுறை உப்பிலும் வாழும். பக்கெட்டில் விட்டேன், பெருகின. டிரம்மில் விட்டேன், அதுவும் போதவில்லை. குடும்பம் பெருத்தால் வீடு மாற்றத்தானே வேண்டும்? மொட்டைமாடியில் நல்ல வெயிலில் ஒரு சிமெண்டுத் தொட்டி, வெறும் தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்றது.

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடக்கிற நேரத்துக்கு ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீர் மொண்டு வருவேன். தினமும். தொட்டி மூடியைச் சற்று விலக்கி வைத்தேன், வெயில் பட்டால்தான் பச்சைப்பாசி பிடிக்கும், அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. கீழே வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாயில் மெல்லிய நைலான் துணி கட்டினேன். ஒரு குஞ்சுகூடத் தவறி வெளியே போய்விடக் கூடாதல்லவா. பாதுகாப்பு விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை.

"போர் உப்பாயிடுச்சு தம்பி. கடல் வீட்டுக்குள்ளயே வந்துட்டுது" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன். பொய் இல்லை. கடல் வந்துதான் இருந்தது.

அவருக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். அக்கா ஒரு கல் உப்புப் போடவில்லை. என் கலவை, தற்செயலாக, குழம்புக்கு வேண்டிய பதத்தில் அமைந்திருந்தது. உப்பில்லாச் சோற்றைத் தின்று நொந்துபோயிருந்த மனிதர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. டாக்டர் கேட்டபோதெல்லாம் "உப்பே போடறதில்லைங்க" என்று இருவரும் சத்தியமாகச் சொன்னார்கள். அவர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்.

அக்காவுக்குத்தான் சந்தேகம். "நீங்க படிச்சவங்க தம்பி. இந்தத் தண்ணிதான் அவருக்கு ஒத்துக்கலையோ? தொட்டியக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டுடட்டுமா?"

பிளீச்சிங் பவுடர் பட்டால் ஒரு குஞ்சுகூடப் பிழைக்காது. ஆனாலும் நிதானமாகவே பதில் சொன்னேன். "கடை உப்புதாங்க்கா கெடுதல். இது இயற்கை உப்பு, உடம்புக்கு நல்லது. தொட்டிய மட்டும் தொடாதீங்க."

வாத்தியார் சொன்னால் நம்புகிற ஊர் இது. மறுநாளிலிருந்து அண்ணனுக்கு நீராகாரமும் அந்தத் தண்ணீரில்தான்.

தெரியாமல் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். உப்பும் ரத்த அழுத்தமும் நான் வருஷாவருஷம் நடத்துகிற பாடம் சார். தெரிந்துதான் சொன்னேன். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் லட்சக்கணக்கானோர். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மீனா? அது அப்போதே போய்ச் சேர்ந்திருந்தது. பசிதான். இவர்களை அள்ளி அதன் வாயில் போட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்த அண்ணன், கை கழுவும் இடத்திலேயே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். "கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு தம்பி" என்று அக்கா அழுதார். நானும் அழுதேன், உண்மையாகவே. பாடைக்குத் தோள் கொடுத்தேன். அவரைக் குளிப்பாட்டியதில் தொட்டி பாதியாகிவிட்டது, அதனால் மயானத்திலிருந்து நேரே கடலுக்குப் போய்க் கேன்களை நிரப்பி வந்தேன்.

கருமாதி முடிந்ததும், நான் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அக்கா ஆள் வைத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். வந்து பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. பச்சைக்குழந்தைகள் சார், பாதிப் பேர். கொஞ்சம் பேரை இந்தப் பாட்டிலில் எடுத்து வந்திருக்கிறேன், சாட்சிக்கு ஆகும்.

அண்ணன் விஷயத்தை நீங்கள் கேட்டதால் சொன்னேன். நான்தான் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக அல்ல. கொலைப் புகார் கொடுக்க வந்தேன். செய்தவர் பெயர் ராசாத்தி, கணவர் பெயர் தங்கப்பன்.