அணைத்துப் பார்த்த ஆயில்

“மாப்பிள்ளையாகப் போறியேன்னு பார்க்கிறேன். இல்லேன்னா இந்த ஆயிலை உன் தலையிலேயே கொட்டியிருப்பேன்.”

“சார், வண்டியை ஓடவிட்டுப் பாருங்க. அணைச்சா அளவு ஏறித்தான் காட்டும். எத்தனை தடவை சொல்றது?”

“எனக்கே பாடம் நடத்துறியா?”

எதிர்வீட்டு வாத்தியாரும் அவர் மகளைக் கட்டப்போகிற மெக்கானிக்கும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், ஐயா. காது கொடுத்துக் கேட்கவில்லை. காது இருந்ததால் கேட்டது. வாத்தியாரின் கார் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ரகம். மெக்கானிக் அன்றுதான் அதற்குக் கியர் ஆயில் மாற்றியிருந்தான். வாத்தியாரோ இஞ்சினை அணைத்துவிட்டு, அளவு பார்க்கும் கம்பியை உருவி, ஆயில் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று குதித்தார். அவன் கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெண்ணை முதலில் கேட்டது நாங்கள்தான், என் தம்பிக்கு. “உங்க தம்பி பொழுது சாய்ஞ்சா நிதானத்துல இருக்கமாட்டாரேம்மா” என்று வாத்தியார் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் செரிக்கவில்லை. மற்றபடி யார் மேலும் பகை கிடையாது.

வீட்டுக்குள் போய், கார் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், அணைத்துப் பார்த்து ஆயிலை எடுத்துவிட்டால் மேட்டில் கியர் பிடிக்காது, ஆபத்து என்று அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். தங்கமான மனிதர். நன்றி சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

“சார், கம்பெனியிலேயே கேட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் சரியாம். கூடுதலா இருக்கிறதை எடுத்துடணுமாம்.”

“நான் சொல்லலே? படிச்சவன் சொன்னா எவன் கேட்கிறான்.”

உறிஞ்சி எடுக்க என் வீட்டு ரப்பர் குழாயைக் கொடுத்தேன். ஏனத்தையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். புது ஆயில் செக்கச்செவேலென்று பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் மேம்பாலத்தில் ஏறும்போது கார் உறுமியதே தவிர நகரவில்லை. வாத்தியார் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மகள் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனாள். பதற்றத்தில் அவர் கால் நழுவியது. அவள் கால் சக்கரத்தின் அடியில் போனது.

தெருவே மெக்கானிக்கைத்தான் ஏசியது. தான் ஆயில் எடுத்ததைப் பற்றி வாத்தியார் வாய் திறக்கவில்லை, அது கௌரவம். நானும் திறக்கவில்லை, அது நாகரிகம். “பாதி ஆயிலைத்தான் ஊத்தினானாமே” என்று மட்டும் குழாயடியில் சொல்லிவைத்தேன்.

கல்யாணம் நின்றது. மெக்கானிக் கடையைக் காலிசெய்துகொண்டு வேறு ஊருக்குப் போனான். வாத்தியார் மூத்த மகன் வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற பெண்ணை வேறு யார் கட்டுவார்கள்? என் தம்பிதான் கட்டிக்கொண்டான். எங்கள் மாடியில்தான் குடித்தனம். சில நாள் அவள் அழுகிற சத்தம் கேட்கும். நான் ஏறிப்போய் விசாரிப்பதில்லை, ஐயா. அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.